மறையெழுத்துப் புதிரும் நன்னூலும்

தமிழில் மறையெழுத்துப் புதிர் அமைப்பவரும் அதை விடுவிக்கக் கணினி நிரல் எழுதுபவரும் முதலில் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: புதிரில் வரும் ஓர் எண் எதற்குப் பதிலாக நிற்கிறது? ஆங்கிலத்தில் இக்கேள்வி எழுவதே இல்லை. அங்கே 26 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக வேறோர் எழுத்தையோ எண்ணையோ வைத்து ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால் புதிர் தயார். தமிழில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனியே எண் கொடுக்கலாம். அல்லது 'கொ' என்பதை 'க்' என்றும் 'ஒ' என்றும் பிரித்து, 12 உயிருக்கும் 18 மெய்க்கும் மட்டும் எண் கொடுக்கலாம். பார்ப்பதற்கு இது வெறும் வசதியைப் பொறுத்த முடிவாகத் தோன்றும். ஆனால் புதிரை விடுவிக்க முடியுமா முடியாதா என்பதே இந்த முடிவில்தான் அடங்கியிருக்கிறது. உயிரையும் மெய்யையும் பிரித்துக்கொண்டால், பள்ளியில் மனப்பாடம் செய்த நன்னூல் எழுத்ததிகாரமே நிரலின் பெரும்பகுதியாகிவிடுகிறது. அது எப்படி என்பதை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நிரலுக்கான தேவை கோபிசெட்டிபாளையத்தில் எழுந்தது. நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் இத்தகைய புதிர்களை அமைத்துக் கொடுப்பது வழக்கம். புதிர் அமைப்பது எளிது. ஆனால் அமைத்த புதிருக்கு ஒரே ஒரு விடைதான் உண்டா, வேறு வாக்கியம் ஏதாவது அதே எண்களில் பொருந்திவிடுமா என்று கையால் சரிபார்ப்பது மிகக் கடினம். இரண்டு விடை உள்ள புதிரைப் பிள்ளைகளிடம் கொடுப்பது நியாயமன்று. ஆகவே, புதிரைத் தானே விடுவித்து, பொருந்தக்கூடிய விடைகளையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டும் நிரல் ஒன்று வேண்டியிருந்தது.

எழுத்துக்குப் பதில் எழுத்து வைக்கும் பழக்கம் கொங்கு நாட்டுக் கடைவீதிகளுக்குப் புதிதன்று. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா), சேலையின் சீட்டில் விற்பனை விலையை எண்ணாலும், தாம் வாங்கிய அசல் விலையை எழுத்தாலும் எழுதிவைப்பார். பத்து எழுத்துள்ள, எந்த எழுத்தும் இருமுறை வராத ஒரு தொடர்தான் அதற்குத் திறவுகோல். 'சென்னிமலை வேலா போற்றி' என்ற தொடரை எண்ணிப் பாருங்கள்: செ, ன், னி, ம, லை, வே, லா, போ, ற், றி. சரியாகப் பத்து. செ என்றால் 1, ன் என்றால் 2, இப்படியே போய் ற் என்றால் 9, றி என்றால் 0. அசல் 475 ரூபாய் என்றால் சீட்டில் 'மலாலை' என்று இருக்கும். பேரம் பேசும்போது எவ்வளவு இறங்கலாம் என்பது கல்லாவில் இருப்பவருக்கும் எடுத்துக் காட்டும் பையனுக்கும் மட்டும் தெரியும். இதையும் உடைக்கலாம். அசல் விலை எப்போதும் விற்பனை விலைக்குக் குறைவாகவே இருக்கும். கடைசி இலக்கம் பெரும்பாலும் 0 அல்லது 5 ஆகவே இருக்கும். பத்துச் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு றி, லை என்ற இரண்டும் திரும்பத் திரும்பக் கடைசியில் வருவது கண்ணில் படாமல் போகாது. நன்னூலார் இத்தகைய வழக்கைக் குழூஉக்குறி என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகாரர்கள் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர்.

அப்புச்சியின் முறையில் உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொண்டது சரியே. அங்கே மறைக்க வேண்டியவை பத்து இலக்கங்கள் மட்டுமே. ஒரு முழு வாக்கியத்தை அப்படி மறைத்தால் என்ன ஆகும்? 'அம்மா' என்ற சொல்லில் அ, ம், மா என மூன்று வெவ்வேறு எண்கள் வரும். 'பட்டம்' என்றால் ப, ட், ட, ம் என நான்கு வெவ்வேறு எண்கள். காதுக்கு நன்றாகக் கேட்கும் இரட்டிப்பு எண்ணில் மறைந்துவிடுகிறது. க, கா, கி, கு ஆகியவற்றுக்கு இடையே உள்ள உறவும் மறைந்துவிடுகிறது. ஒரு சிறிய வாக்கியத்தில் பெரும்பாலான எண்கள் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டும். ஒருமுறை மட்டும் வரும் எண்ணைப் பற்றி எவராலும் எதையும் சொல்ல முடியாது. 247 எழுத்துகளை மாற்றி அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 486 இலக்கங்களில் நீளும். 12 உயிரும் 18 மெய்யுமாகிய 30 அலகுகளை அடுக்கும் வழிகளோ சுமார் 2.65 × 10^32. இது 33 இலக்க எண். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு உரிய 4.03 × 10^26 என்பதைவிட இது பெரிது என்றாலும், அதே வகையைச் சேர்ந்தது. உயிர் மெய் பிரித்த புதிரில் பல எண்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன, இரட்டிப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. விடுவிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது.

கணினிக்கு இந்தப் பிரிப்பைக் கற்பிப்பது தனி வேலை. யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் இந்திய எழுத்துகளுக்கென 1988ஆம் ஆண்டில் வகுத்த இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்தவை. அதில் 'க' என்ற அகரமேறிய எழுத்துக்கு ஓர் இடமும், புள்ளிக்குத் தனியே ஓர் இடமும் உண்டு. ஆகவே கணினியின் கணக்கில் 'க' என்பது ஒரு குறி, 'க்' என்பது இரண்டு குறி. இலக்கணத்தின் கணக்கு இதற்கு நேர் எதிரானது: 'க்' என்பதே ஒன்று, 'க' என்பது க் + அ என்ற இரண்டு. 'கொங்கு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், நாம் மூன்று எழுத்து என்போம், கணினி ஆறு குறிகள் என்னும், நிரலுக்குத் தேவைப்படுவதோ க், ஒ, ங், க், உ என்ற ஐந்து அலகுகள். போதாக்குறைக்கு, கொகரத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 'ஔ' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தட்டச்சு செய்யப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகே பிரிக்க வேண்டும். பைத்தான் மொழியில் எழுதுபவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு இவ்வேலையில் பெருந்துணை. சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பதையும் எழுத்தை மெய்யும் உயிருமாகப் பிரிப்பதையும் அது ஆயத்தமாகவே தருகிறது.

மறையெழுத்தை உடைக்கும் கலைக்கு இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய நூலைச் செய்தவர் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி. ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று நீண்ட உரை ஒன்றில் எண்ணிக்கொள், பிறகு மறையெழுத்தில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணு, இரண்டையும் வரிசைப்படி ஒப்பிடு என்பது அவர் காட்டிய வழி. அந்தச் சுவடி இஸ்தான்புல்லின் சுலைமானியா சுவடிச்சாலையில் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'ஈ' என்ற எழுத்து நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்ற அளவில் வருவதால், பெரும்பாலான ஆங்கில விளக்கங்கள் அதிலிருந்தே தொடங்குகின்றன. தமிழிலும் அ, இ, உ மூன்றும் மேலே நிற்கும், ஔ அடியில் கிடக்கும். ஆனால் ஒரு பழமொழி அளவேயுள்ள புதிரில் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் தூரம் போக முடியாது. தமிழில் அதைவிட வலுவான பிடி இருக்கிறது. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது இறுதியில் வரும், எதன் பின் எது வரும் என்பதையெல்லாம் நம் இலக்கணம் முன்னரே வரையறுத்துவிட்டது.

நன்னூல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றியது. பாயிரம் சொல்லும் சனகாபுரம் பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரமே என்பது எங்கள் பகுதியில் உறுதியாக நிலவும் கருத்து. அவ்வூர் வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாவதை மறைக்க வேண்டியதில்லை. அவர் சொல்லும் விதிகளில் நிரலுக்கு உதவுபவை இவை. சொல்லின் முதலில் 12 உயிரும், க ச த ந ப ம வ ய ஞ ங என்ற பத்து மெய்களும் உயிரோடு கூடி வரும். தனிமெய் முதலில் வராது. சொல்லின் இறுதியில் வரும் மெய்கள் ஞ ண ந ம ன ய ர ல வ ழ ள என்ற பதினொன்று. வல்லின மெய் எதுவும் இறுதியில் நில்லாது. சொல்லின் நடுவே க ச த ப நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும், அதாவது அவற்றை அடுத்து மெய் வந்தால் அதே மெய்தான் வரும். ர, ழ இரண்டும் தம்மோடு மயங்கவே மாட்டா. மூன்று மெய்கள் தொடர்ந்து வந்தால் முதலாவது ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்று: வாய்ப்பு, பார்த்து, வாழ்க்கை. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நில்லா. இடையில் ய் அல்லது வ் உடம்படுமெய்யாக வந்து சேரும். (அளபெடை இதற்கு விலக்கு, குழூஉக்குறி என்ற சொல்லே அதற்குச் சான்று.)

இவற்றோடு, எழுதும் தமிழில் கிடைக்கும் இன்னொரு பொக்கிஷம் வலி மிகுதல். 'அதைப் பார்' என்று எழுதும்போது, முதற்சொல்லின் கடைசியில் நிற்கும் ப் அடுத்த சொல்லின் முதல் மெய்யேதான். புதிரில் ஒரு சொல் எந்த எண்ணில் முடிகிறதோ அதே எண்ணில் அடுத்த சொல் தொடங்கினால், பெரும்பாலும் அந்த எண் க், ச், த், ப் நான்கில் ஒன்று. ஆங்கிலப் புதிரில் இதற்கு ஈடான துப்பே கிடையாது. வல்லினம் மிகும் இடத்தை மிகையென்று கருதி விட்டுவிடும் இக்காலப் பழக்கம் எனக்கு உடன்பாடன்று. புதிர் அமைக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மேலும் உறுதிப்பட்டது.

இனி ஒரு புதிரை எடுத்து விரல் வைத்துப் படிப்போம். சாய்கோடு சொல் இடைவெளியைக் குறிக்கிறது.

7 19 4 / 11 23 2 / 7 19 4 / 7 19 4 15 15 9 2 / 7 11 11 4 28 30 11 / 13 7 6 7 21 30 11

முப்பதே அலகு. நான்காம் சொல்லில் 15 இரட்டிக்கிறது, ஐந்தாம் சொல்லில் 11 இரட்டிக்கிறது. அக்கா மகள் இதைப் பார்த்ததும், "மாமா, ஒரே நம்பர் பக்கத்துல பக்கத்துல வந்தா அது மெய்யாத்தானுங்க இருக்கோணும்?" என்று கேட்டாள். அதுவேதான். உயிர் இரட்டிக்காது என்பதால் 15, 11 இரண்டும் மெய். இரட்டித்த மெய்யின் பின்னால் உயிர் வந்தாக வேண்டும். எனவே 9, 4 இரண்டும் உயிர். ஐந்தாம் சொல் 7இல் தொடங்கி உடனே மெய் வருகிறது. தனிமெய்யில் சொல் தொடங்காது என்பதால் 7 உயிர். 7க்கும் 4க்கும் இடையே நிற்கும் 19 மெய். இரண்டாம் சொல்லில் 11 மெய், ஆகவே 23 உயிர், 2 மெய். ஐந்தாம் சொல்லில் 4 உயிர், எனவே 28 மெய். 30உம் மெய்யானால் 28, 30, 11 என மூன்று மெய்கள் சொல்லிறுதியில் குவிந்துவிடும், அது தமிழில் இல்லை. எனவே 30 உயிர். ஆறாம் சொல்லில் 7ஐச் சுற்றியுள்ள 13, 6 இரண்டும் மெய், 7க்கும் 30க்கும் நடுவே உள்ள 21உம் மெய். ஓர் எழுத்தின் பெயர்கூடத் தெரியாமல், பதின்மூன்று எண்களையும் உயிர் ஐந்து, மெய் எட்டு என்று பிரித்தாகிவிட்டது.

அடுத்து 11ஐப் பார்ப்போம். அது சொல்லின் முதலில் வருகிறது, இரட்டிக்கிறது, சொல்லின் கடைசியிலும் வருகிறது. ஐந்தாம் சொல் 11இல் முடிய, ஆறாம் சொல் 13இல் தொடங்குவதால் அது வலி மிகுந்த ஒற்றும் அன்று. மொழிக்கு முதலிலும் இறுதியிலும் வரக்கூடிய மெய்கள் ஞ, ந, ம, ய, வ ஐந்தே. அவற்றுள் ஞ், ந், வ் இறுதியாக நிற்கும் சொற்கள் உரிஞ், வெரிந், தெவ் போன்ற பழஞ்சொற்கள்; இன்றைய வாக்கியத்தில் அவற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மிஞ்சியவை ம், ய் இரண்டு. அடுத்தடுத்த இரண்டு சொற்கள் 30 11 என்று முடிவதைச் சேர்த்துப் பார்த்தால், 'உம்' என்ற முடிவு தானாகவே முன்வந்து நிற்கிறது. ஆறு முறை வந்து, நான்கு சொற்களைத் தொடங்கி வைக்கும் 7ஐ அ என்று கொள்வதில் யாருக்கும் தயக்கம் இராது. ஐந்தாம் சொல் இப்போது அம்ம்_ _உம். 4 இ அல்லது ஐ, 28 உடம்படுமெய்யாகிய ய். அம்மியும் அல்லது அம்மையும். நான்காம் சொல், முதற்சொல்லின் மேல் 15 15 9 2 ஏறியது: த்தால். முதற்சொல்லை அடி என்று வைத்தால் 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழி முழுமையாக வெளிப்படுகிறது.

கையால் செய்த இதே வேலையை நிரல் இரண்டு கட்டங்களில் செய்கிறது. முதற்கட்டம், எண்களை உயிர், மெய் என்று பிரிப்பது. எந்த மொழிக்கும் பொதுவாக இதைச் செய்ய 1962இல் சோவியத் மொழியியலாளர் சுகோதின் ஒரு முறை வகுத்தார். உயிரும் மெய்யும் மாறி மாறி வர விரும்புகின்றன என்ற ஒரே அனுமானத்தை வைத்து, எந்தெந்த எழுத்துகள் அருகருகே வருகின்றன என்று எண்ணி அவர் பிரித்தார். தமிழுக்கு அந்த அனுமானம்கூட அதிகம். மேலே கண்டது போல விதிகளைக் கொண்டே பெரும்பாலான எண்கள் ஐயமின்றிப் பிரிந்துவிடும். பிரியாமல் எஞ்சும் ஓரிரண்டுக்கு மட்டும் சுகோதின் முறையைப் பயன்படுத்துகிறேன். இப்பிரிப்பின் பயன் சிறிதன்று. 30 அலகுகளையும் கலந்து அடுக்கும் வழிகளோடு ஒப்பிட்டால், 12 உயிரைத் தமக்குள்ளும் 18 மெய்யைத் தமக்குள்ளும் மட்டும் மாற்றி அடுக்கும் வழிகள் 8,64,93,225 மடங்கு குறைவு.

இரண்டாம் கட்டத்தில் நிரல் ஏதோ ஒரு திறவுகோலை எழுந்தமானமாக எடுத்துக்கொண்டு, அதன்படி வாக்கியத்தை விரித்து, அது எவ்வளவு தூரம் தமிழ் போல இருக்கிறது என்று மதிப்பெண் இடுகிறது. பிறகு இரண்டு உயிர்களையோ இரண்டு மெய்களையோ இடம் மாற்றிப் பார்க்கிறது. மதிப்பெண் கூடினால் மாற்றத்தை வைத்துக்கொள்கிறது, கூடாவிட்டால் பழையபடி விட்டுவிடுகிறது. மேலே மேலே ஏறுவதால் இதற்கு மலையேறும் முறை என்று பெயர். இம்முறையைப் புதிர் உடைப்புக்கு மிக வேகமாகப் பயன்படுத்தலாம் என்று 1995இல் தாமஸ் யாக்கப்சன் காட்டினார். இதன் குறையும் அதன் பெயரிலேயே இருக்கிறது: சென்னிமலைக்கு ஏற வந்தவர் பனிமூட்டத்தில் வழியிலுள்ள கரட்டின் மேல் ஏறி நின்று, இனி எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான், ஆகவே இதுவே உச்சி என்று நினைத்துவிடலாம். அதனால் ஒரே ஏற்றத்தோடு நிறுத்தாமல், வெவ்வேறு திறவுகோல்களிலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கி, கிடைத்தவற்றில் உயர்ந்ததை எடுக்க வேண்டும்.

மதிப்பெண் இடுவதற்கு அளவுகோல் வேண்டுமே. ஆங்கிலப் புதிருக்கு ஓர் அகராதிச் சொற்பட்டியலே போதுமானது என்று பலர் காட்டியிருக்கிறார்கள். தமிழில் அது செல்லாது. 'போ' அகராதியில் இருக்கும், 'போகாதவர்களுக்காகவும்' இருக்காது. வேர்ச்சொல்லின் மேல் விகுதியும் உருபும் இடைச்சொல்லும் ஏறிக்கொண்டே போகும் மொழிக்கு முழுச்சொல் பட்டியல் ஒருபோதும் முடியாது. எனவே சொல்லை அளக்காமல், அடுத்தடுத்து வரும் மூன்று அலகுகளை அளக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைத் தொகுப்பை முழுவதும் உயிர் மெய்யாகப் பிரித்து, எந்த மும்மை எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, மடக்கை எடுத்து வைத்துக்கொண்டால் அளவுகோல் தயாராகிவிடும். சொல்லின் தொடக்கமும் முடிவும் தனிக் குறிகளாக இதில் சேர வேண்டும். அப்போதுதான் 'உம்' என்று முடிவதும் 'கள்' என்று முடிவதும் உரிய மதிப்பைப் பெறும். ஒருமுறைகூட வராத மும்மைக்குச் சுழியம் கொடுத்தால் மடக்கை எடுக்க முடியாது. மிகச் சிறிய மதிப்பு ஒன்றைத் தர வேண்டும். 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் செய்யுளின் புணர்ச்சியும் சொல்லும் வேறு என்பதால் இன்றைய உரைநடைப் புதிருக்கு அவற்றைக் கலக்காமல் இருப்பதே நல்லது.

நன்னூல் விதிகளை நிரலில் எப்படி வைப்பது என்பதுதான் நான் மிக நீண்ட நேரம் யோசித்த இடம். மீறினால் உடனே தள்ளிவிடு என்று கறாராக வைத்தால் நிரல் வேகமாக ஓடும். ஆனால் திருப்பூருக்கு ஒருமுறை போய்வந்தால் போதும், அந்தக் கறார் நிலைக்காது. 'டையிங்' என்ற சொல் ட் என்று தொடங்கி ங் என்று முடிகிறது. 'ஸ்பின்னிங்' தனிமெய்யிலேயே தொடங்குகிறது, அதுவும் கிரந்த எழுத்தில். 'டாக்டர்' என்ற சொல்லில் க் தன்னை விட்டு ட்ஓடு மயங்குகிறது; 'பக்தி', 'சக்தி' என்பனவும் அப்படியே. இவையெல்லாம் நாள்தோறும் எழுதும் சொற்கள். புதிரில் வரக்கூடாது என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு விதிமீறலுக்கும் மதிப்பெண்ணில் ஒரு தண்டம் வைத்தேன். உயிர் இரண்டு அடுத்தடுத்து வந்தால் தண்டம் மிகப் பெரிது. சொல்முதல் ட், ர், ல் போன்றவற்றுக்குச் சிறிது. ஜ், ஷ், ஸ், ஹ் நான்கையும் மெய்களோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு தேர்வையும் கொடுத்தேன். ஜவுளி இல்லாத ஈரோட்டை நினைத்துப் பார்க்க முடியுமா?

பேச்சுத் தமிழ் வேறு வகைச் சோதனை. 'ஏனுங்க, நாளைக்குச் சந்தைக்குப் போகோணுமுங்க' என்ற வாக்கியத்தில் விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் விக்கிப்பீடியாவின் நடையில் ஓணும் என்ற முடிவும் உங்க என்ற முடிவும் அரிதாகையால், நிரல் இதற்குக் குறைந்த மதிப்பெண்ணே தரும். கொங்குத் தமிழ் உரையாடல்களைத் தட்டச்சு செய்து ஒரு தனித் தொகுப்பாகச் சேர்த்த பிறகே அத்தகைய புதிர்கள் விடுபட்டன. வட்டார வழக்கில் எழுதப்பட்ட உரைகள் எண்முறையில் எவ்வளவு குறைவு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இதற்கு யாராவது முறையாக ஒரு தொகுப்பு உருவாக்கினால் நான் உழைக்கத் தயார்.

சொல் இடைவெளியை எடுத்துவிட்டால் மேலே கண்ட துப்புகளில் பாதி மறைந்துவிடும். முதல் எழுத்து எது, இறுதி எழுத்து எது என்பதே தெரியாதபோது நன்னூலின் மொழிமுதல், மொழியிறுதி விதிகளுக்கு வேலையில்லை. மயக்க விதிகள் மட்டும் எஞ்சும். ஓலைச்சுவடியைப் படித்துப் பதிப்பித்தவர்களுக்கு இடைவெளி மட்டுமன்றிப் புள்ளியும் இருக்கவில்லை. சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் தமிழ் பிராமியில் கீறப்பட்ட பெயர்களைப் படிப்பவர்களும், ஒரு குறி தனிமெய்யா அகரமேறிய மெய்யா என்ற கேள்வியை முதலில் தீர்க்க வேண்டியவர்களே.

ஒரு புதிருக்கு ஒரே விடை இருக்க எவ்வளவு நீளம் வேண்டும் என்ற கேள்விக்குக் கணக்கு முறையில் வழி காட்டியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன். 1949இல் வெளிவந்த கட்டுரையில் அவர் சொன்ன கருத்தின்படி, மொழியில் எவ்வளவு மிகை (மற்ற எழுத்துகளைக் கொண்டே ஊகித்துவிடக்கூடிய பகுதி) இருக்கிறதோ அவ்வளவு குறைந்த நீளத்தில் விடை ஒன்றாகச் சுருங்கும். ஆங்கிலத்தின் எளிய எழுத்துமாற்றுக்கு அது 25 முதல் 30 எழுத்து வரை. நம் அம்மிப் புதிர் 30 அலகு கொண்டது; ஆனால் நிரல் அதற்கு ஒரே ஒரு விடையோடு நிற்கவில்லை. ஆறாம் சொல்லுக்கு நகரும், வளரும், கவரும், பகரும் என்று பல வடிவங்கள் பொருந்துகின்றன, ஏனென்றால் 13, 6, 21 மூன்றும் அந்த ஒரு சொல்லில் ஒரே ஒருமுறை வருபவை. முதற்சொல்லை அளி என்று வைத்தால் 'அளி மேல் அளி அளித்தால் அம்மியும் கவரும்' என்று வரும். எழுத்திலக்கணம் அதைத் தடுக்காது. 4ஐ ஐ என்று கொண்டால் 'அணை மேல் அணை அணைத்தால் அம்மையும் நகரும்' என்பதும் வரிசையில் நிற்கும். மூன்று அலகுகளை மட்டும் பார்க்கும் அளவுகோலுக்கு இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியாது. பழமொழியை அறிந்தவருக்கு மட்டுமே சரியானது எது என்று தெரியும். சொல்லுக்கு அடுத்த சொல் எது என்ற இரட்டைப் பட்டியலைச் சேர்த்தபோது 'அடி மேல் அடி' மேலே வந்தது. எனினும், புதிர் அமைப்பவருக்கு நிரல் செய்யும் பெரிய உதவி, எந்த எண்கள் கட்டுப்படாமல் தொங்குகின்றன என்று காட்டுவதுதான். அம்மிப் புதிரில் 13 = ந், 6 = க் என்று இரண்டு எண்களைத் துப்பாகக் கொடுத்துவிட்டால் ஆறாம் சொல் நகரும் என்று நிலைத்துவிடும்; 19 = ட் என்றும் கொடுத்தால் முதற்சொல் அடி, அடை என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் புதிர் கொடுக்கும்போது, ஒருமுறை மட்டும் வரும் மெய்களைத் துப்பாகத் தருவதோ, அவை இன்னொரு சொல்லிலும் வருமாறு வாக்கியத்தை மாற்றுவதோ இப்போது என் வழக்கம்.

நிரல் இல்லாமலே விடுவிக்கக்கூடிய புதிர் ஒன்றை இங்கே தருகிறேன். கிரந்த எழுத்தோ ஆய்தமோ இதில் இல்லை. வல்லினம் மிகும் இடத்தில் மிகுந்திருக்கிறது. மூன்று மெய்கள் தொடர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. இடைவெளி தவறாமல் குறிக்கப்பட்டிருக்கிறது. முதற்சொல்லின் கடைசி எண்ணிலும் இரண்டாம் சொல்லின் முதல் எண்ணிலும் தொடங்குவது எளிது.

17 5 26 12 12 3 20 / 20 14 8 29 1 22 22 3 / 10 14 27 20 14 18 / 6 24 24 30 9 14 / 15 14 2 12 30 22 14 18 / 15 30 12 30 9 3 10 / 10 3 21 11 6 / 11 26 9 20 / 20 6 5 8 29 14 21 14